கேட்டது வெந்நீர், வந்தது பில்: ஓட்டல் அறையில் எதற்கெல்லாம் பணம் எடுக்கிறார்கள்?

கேள்வி: குடும்பத்தோடு வெளியூர் போய் ஓர் ஓட்டலில் தங்கினோம். குழந்தைக்குச் சூடான பால், ஒரு பிளாஸ்க் வெந்நீர், கூடுதலாக இரண்டு தட்டுகள், கொஞ்சம் ஐஸ் என்று அவ்வப்போது போனில் கேட்டோம். யாரும் விலை சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அறையைக் காலி செய்யும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணம், அதன் மேல் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் வரி. அறையில் பானங்கள் அடுக்கி வைத்திருக்கும் குட்டிக் குளிர்பெட்டியான மினி பாரில் நாங்கள் தொடாத ஒரு பானத்துக்கும் பணம் எடுத்திருக்கிறார்கள். வண்டிக்கு நேரமாகிவிட்டதால் கட்டிவிட்டு வந்துவிட்டோம். இது நியாயமா? திரும்பக் கேட்கலாமா? அடுத்த முறை எப்படித் தவிர்ப்பது?

பதில்: குடிக்காத பானத்துக்கு நீங்கள் ஒரு காசும் கொடுத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பால், வெந்நீர், தட்டு, ஐஸ் ஆகியவற்றுக்கு ஒரே பதில் சொல்ல முடியாது. ஓட்டலில் வரவேற்பு மேசையிலும் பிறகு கணக்குப் பிரிவிலும் வேலை பார்த்தவன் என்பதால் இரு தரப்பு நியாயமும் எனக்குத் தெரியும். தான் கொடுக்கும் பொருளுக்கு விலை வைக்க ஓட்டலுக்கு உரிமை உண்டு. பொருள் கைக்கு வருவதற்கு முன்பே அந்த விலையைத் தெரிந்துகொள்ள விருந்தினருக்கு உரிமை உண்டு. போனில் கேட்கும்போது "இதோ அனுப்புகிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிளம்புகிற நேரத்தில் பில்லை நீட்டுவது எத்தனை நட்சத்திர ஓட்டல் செய்தாலும் தவறுதான். தொகை சிறியது, குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் யாரும் நின்று பேச மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தப் பழக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கட்டணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் எதைப் பற்றி வாதாடலாம், எதைக் கட்டிவிட்டுப் போகலாம் என்று பிரித்துப் பார்க்க முடியும். ரூம் சர்வீஸில் ஓட்டல்காரர்கள் கொழிக்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். பல ஓட்டல்களில் அது நட்டத்தை ஒட்டி நடக்கும் பிரிவு. இரவு இரண்டு மணிக்கு ஒரே ஒரு அறையில் பால் கேட்டாலும், போனை எடுக்க ஒருவர், சூடாக்க ஒருவர், மாடிக்கு எடுத்துவர ஒருவர் விழித்திருக்க வேண்டும். அறைக்கே உணவு கொண்டுவரும் வழக்கத்தை நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா 1930-களில் தொடங்கியதாக ஓட்டல் துறையில் சொல்வார்கள். அதே நகரில், ஏறத்தாழ 2,000 அறைகள் கொண்ட நியூயார்க் ஹில்டன் மிட்டவுன் 2013-இல் அந்தச் சேவையையே நிறுத்தியது. அதற்குப் பதிலாகக் கீழ்த்தளத்தில் விருந்தினரே வந்து வாங்கிக்கொள்ளும் உணவுக் கடையை வைத்தார்கள். அவ்வளவு பெரிய ஓட்டலுக்கே கட்டுப்படியாகவில்லை என்றால் சின்ன ஓட்டல்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே அறைக்கு வரும் ஒரு குவளைப் பாலின் விலையில் பாலுக்கான பங்கு மிகக் குறைவு. பெரும்பகுதி ஆள் கூலி. வெளியே கிடைக்கும் விலையோடு ஒப்பிட்டு "இவ்வளவா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. அந்த வாதத்தில் எனக்கும் உடன்பாடில்லை. நான் ஏற்க மறுப்பது வேறு ஒன்றை. ஆள் கூலியைப் பொருளின் விலையிலேயே ஏற்றிவிட்டு, அறைக்குக் கொண்டுவந்ததற்கு டிரே சார்ஜ் என்ற பெயரில் மறுபடியும் வாங்கி, சேவைக் கட்டணம் என்று மூன்றாம் முறையும் வாங்கும் ஓட்டல்கள் இருக்கின்றன. ஒரே வேலைக்கு மூன்று கூலி. உங்கள் பில்லை எடுத்து இந்தக் கண்ணோடு ஒரு முறை படியுங்கள்.

வரிசை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். முதலில் பொருளின் விலை. இது கீழே உணவகத்தில் உள்ள விலையைவிட அதிகமாக இருக்கும், ஏனென்றால் அறைக்கென்று தனி மெனு. அடுத்து ஒவ்வொரு முறை கொண்டுவந்ததற்கும் நிலையான ஒரு தொகை, அதுதான் டிரே சார்ஜ். நான்கு பொருளை நான்கு முறை போன் செய்து கேட்டிருந்தால் நான்கு முறை ஏறியிருக்கும். உங்கள் பில்லில் தொகை பெருகியதற்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். பிறகு சேவைக் கட்டணம், கடைசியில் வரி. வரி பல நாடுகளில் பொருளின் விலைக்கு மட்டுமின்றி, சேவைக் கட்டணமும் சேர்ந்த தொகைக்குப் போடப்படுகிறது. தென்கிழக்காசியாவில் பல மெனுக்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். சேவைக் கட்டணமும் வரியும் இதற்கு மேல் உண்டு என்று பொருள். சிங்கப்பூரில் வழக்கமான 10 சதவீத சேவைக் கட்டணத்தைச் சேர்த்தால் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 110 ஆகும். அதன் மேல் 9 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 119 வெள்ளி 90 காசு. இரண்டு சின்னக் கூட்டல் குறிகளுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விலை ஒளிந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. உணவு கொண்டுவருபவர் கையெழுத்துக்கு நீட்டும் சீட்டின் அடியில் டிப்ஸ் எழுத ஒரு காலி இடம் இருக்கும். சேவைக் கட்டணம் ஏற்கெனவே மேலே ஏறியிருப்பதைக் கவனிக்காமல் பலர் அங்கே மறுபடி ஒரு தொகை எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. கொண்டுவந்தவருக்கு ஏதாவது கொடுக்க மனம் இருந்தால் கையிலேயே கொடுங்கள்; டிரே சார்ஜும் சேவைக் கட்டணமும் அவர் கைக்கு முழுதாகப் போய்ச் சேரும் என்று நினைத்துவிட வேண்டாம். விலை வைப்பவரும் அவர் அல்லர். கோபம் எவ்வளவு இருந்தாலும் அவரிடம் காட்டாதீர்கள்.

இனி மினி பார். பொருள் நிரப்பிய குட்டிக் குளிர்பெட்டியை அறைதோறும் வைத்துப் பெரிய அளவில் வெற்றி கண்டது ஹாங்காங் ஹில்டன், 1974-இல். அறையில் பானம் விற்பது ஐந்து மடங்கு கூடியதாகவும், அடுத்த ஆண்டே ஹில்டன் குழுமம் தன் மற்ற ஓட்டல்களுக்கும் இதைக் கொண்டுபோனதாகவும் துறையில் சொல்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு பணியாளர் தினமும் வந்து, குறைந்த பொருள்களைச் சீட்டில் குறித்துக்கொண்டு போவார். அந்த முறையிலேயே தவறுகள் ஏராளம். முந்தைய விருந்தினர் எடுத்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டு, மறுநாள் உங்கள் கணக்கில் எழுதிவிடுவார்கள். நீங்கள் காலையில் கிளம்பிய பிறகு சரிபார்த்து, அட்டையில் பின்னால் பணம் எடுப்பதும் நடக்கும்.

இப்போது பல பெரிய ஓட்டல்களில் பெட்டிக்குள்ளேயே உணர்கருவிகள் இருக்கின்றன. பாட்டிலுக்கு அடியில் எடையையோ, குறுக்கே ஓடும் அகச்சிவப்புக் கதிரையோ வைத்து, பொருள் இடத்தைவிட்டு நகர்ந்தது என்பதைக் கண்டுபிடித்து நேராகக் கணினிக்கு அனுப்பிவிடும். திரும்ப வைக்கச் சில விநாடிகள் அவகாசம் இருக்கும். அதைத் தாண்டினால் விற்றதாகக் கணக்கு. விலைப்பட்டியலைப் படிக்க ஒரு பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தது, குழந்தை ஆசையாக ஒன்றை எடுத்து விளையாடியது, வீட்டிலிருந்து கொண்டுபோன மருந்தை வைக்க இரண்டு பாட்டில்களைத் தள்ளி வைத்தது, எல்லாமே இந்தக் கருவிக்கு விற்பனைதான். உங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தொடவில்லை என்று சொல்வது உண்மையாகவும், கருவி பதிவு செய்தது நிஜமாகவும் இருக்க வாய்ப்புண்டு. அப்படியே இருந்தாலும் நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பாட்டில் மூடி திறக்கப்படாமல் அறையிலேயே இருந்தால் எதுவும் விற்கப்படவில்லை. வரவேற்பு மேசையில் இருப்பவர்களுக்கு இந்தக் கருவியின் குணம் நன்றாகத் தெரியும். நாங்கள் எடுக்கவில்லை என்று நிதானமாகச் சொன்னால் பெரும்பாலும் மறுபேச்சின்றி நீக்கிவிடுவார்கள். கணினியில் இதற்கென்றே தள்ளுபடிக் கணக்கு ஒன்று வைத்திருக்கும் ஓட்டல்கள் உண்டு.

இன்சுலின் போன்ற மருந்தோ, குழந்தையின் பாலோ குளிர்ச்சியில் வைக்க வேண்டியிருந்தால் மினி பாரில் இடம் தேடாதீர்கள். அறை எடுக்கும்போதே காலிக் குளிர்பெட்டி ஒன்று வேண்டும் என்று கேளுங்கள். மருந்துக்கு என்று சொன்னால் பல ஓட்டல்கள் பணமே வாங்குவதில்லை. மினி பாரே வேண்டாம் என்றால், பூட்டிவிடச் சொல்லலாம். அல்லது பொருள்களை எடுத்துக்கொண்டு போகச் சொல்லலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் அறைக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான் என்பேன்.

எது இலவசம், எது இல்லை என்பதற்கு உலகம் முழுதும் பொருந்தும் சட்டம் கிடையாது. ஆனாலும் வழக்கம் என்று ஒன்று இருக்கிறது. கூடுதல் துண்டு, தலையணை, போர்வை, சோப்பு, பல் துலக்கும் பொருள்கள், இஸ்திரிப் பெட்டி இவற்றுக்குப் பொதுவாகப் பணம் கேட்பதில்லை. இவை அறைப் பராமரிப்புப் பிரிவிலிருந்து வருபவை. தட்டு, கரண்டி, ஐஸ், வெந்நீர், பால் ஆகியவை சமையலறையிலிருந்து வருபவை. சமையலறையிலிருந்து எது புறப்பட்டாலும் அதற்கு ஒரு சீட்டு எழுதப்படும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அறையில் கெட்டில் இருந்தால் வெந்நீருக்குப் போன் செய்யவே வேண்டாம். இல்லையென்றால் அறைப் பராமரிப்புப் பிரிவிடம் ஒரு கெட்டில் கேளுங்கள். ஐஸுக்குப் பல ஓட்டல்களில் மாடி நடையிலேயே இயந்திரம் இருக்கும்.

மேசையில் இருக்கும் தண்ணீர் பாட்டில்களைக் கவனியுங்கள். இலவசம் என்று சீட்டு மாட்டிய சாதாரண பாட்டிலுக்குப் பக்கத்திலேயே விலையுயர்ந்த பாட்டிலும் நிற்கும். களைத்து வந்து இரவில் தாகத்தோடு கை நீட்டுகிறவர் சீட்டைப் படிப்பாரா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதை நான் நேர்மையான விற்பனை என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

காலை உணவு வாடகையில் அடக்கம் என்று இருந்தால் அது பெரும்பாலும் கீழே உணவகத்துக்கு வந்து சாப்பிட்டால்தான். அறைக்கு வரவழைத்தால் முழு விலையும் ஏறக்கூடும். சலவைத் துணிக்கு அன்றே வேண்டும் என்று சொன்னால் இன்னொரு கட்டணம். தாமதமாக அறையைக் காலி செய்ய "சரி" என்று சொல்பவர் இலவசமாகச் சரி என்கிறாரா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டம் துணைக்கு வராதா என்று கேட்பீர்கள். ஓரளவுதான் வரும். அறை வாடகையோடு கட்டாயமாகச் சேர்த்துவிட்டு முன்பதிவுப் பக்கத்தில் காட்டாமல் மறைக்கும் கட்டணங்களுக்கு எதிராக அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2012-இலேயே 22 ஓட்டல் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கட்டாயக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்த முழு விலையையே விளம்பரத்தில் காட்ட வேண்டும் என்ற விதி 2025 மே 12 முதல் அங்கே நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு கடிதம் விதியாக மாறப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்த விதியும் விருந்தினர் தாமே கேட்டு வாங்கும் பாலுக்கும் ஐஸுக்கும் முன்பதிவுப் பக்கத்தில் விலை போட வைக்காது. அவை உங்கள் விருப்பத்தில் வாங்கியவை என்ற கணக்கில் போய்விடும். ஆகவே அறைக்குள் நடப்பதை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போனில் எதைக் கேட்டாலும் "இதற்குக் கட்டணம் உண்டா? கொண்டுவரும் கட்டணமும் வரியும் சேர்த்து எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். பலருக்கு இப்படிக் கேட்கக் கூச்சம். இவ்வளவு பெரிய ஓட்டலில் வெந்நீருக்கு விலை கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்குகிறார்கள். மறுமுனையில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன், யாரும் எதுவும் நினைப்பதில்லை. அந்தக் கேள்வி வந்தால் எங்களுக்குப் பின்னால் வரும் தகராறு ஒன்று குறைந்தது என்றுதான் அர்த்தம். பதில் சொன்னவர் பெயரையும் நேரத்தையும் மேசைத் தாளில் குறித்து வையுங்கள். வேண்டியவற்றை ஒரே போனில் சேர்த்துக் கேளுங்கள்.

வெளியில் அதிகம் தெரியாத ஒரு வசதி உண்டு. ஓட்டல் கணினியில் ஓர் அறையை "நோ போஸ்ட்" என்று குறித்துவிட்டால், அந்த அறையின் கணக்கில் யாரும் எதையும் ஏற்ற முடியாது. வாங்கும்போதே காசு கொடுத்தாக வேண்டும். குழந்தைகள் நீச்சல் குளத்தருகே அறை எண்ணைச் சொல்லி ஏதாவது வாங்கிவிடுவார்கள் என்ற கவலையும் இதோடு போய்விடும். அறை எடுக்கும்போது இந்தப் பெயரையே சொல்லிக் கேளுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். அலுவலகச் செலவில் போகிறவர்கள் அறை வாடகைக்கு ஒரு பில், மற்றவற்றுக்கு ஒரு பில் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பது நல்லது.

அறை எடுக்கும்போது உங்கள் அட்டையில் ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள். கடன் அட்டை என்றால் வரம்பில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டெபிட் அட்டை என்றால் உங்கள் சொந்தப் பணமே முடங்கிவிடும். விடுவிக்க வங்கியைப் பொறுத்துப் பல நாள் ஆகலாம். கையெழுத்திடும் பதிவுச் சீட்டில், பின்னால் தெரியவரும் கட்டணங்களையும் இந்த அட்டையிலேயே எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு வரி இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது முந்தின நாள் மாலையில் பில்லைக் கேட்டு வாங்குவது. ஓட்டல்களில் அன்றன்றைய கணக்கை நள்ளிரவுக்குப் பிறகு முடித்துவிடுவார்கள். அன்று ஏறிய தவறை அன்றே நீக்குவது வரவேற்பு மேசைக்காரருக்கு ஒரு நிமிட வேலை. மறுநாள் என்றால் மேலாளரின் ஒப்புதல், திருத்தக் குறிப்பு என்று இழுக்கும். காலையில் பத்துப் பேர் பெட்டியோடு வரிசையில் நிற்கும்போது அதற்கு அவருக்கும் பொறுமை இருக்காது, உங்களுக்கும் இருக்காது. மாலையில் மேசை காலியாக இருக்கும். பில்லை வரி வரியாகப் பார்த்து, புரியாத கட்டணத்துக்கு "இதற்கு நான் கையெழுத்திட்ட சீட்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். சீட்டு இல்லாத கட்டணத்தை வற்புறுத்தி வாங்க எந்த ஓட்டலாலும் எளிதில் முடியாது. சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு அப்படியே போகலாம் என்ற வசதி இருந்தாலும், பில்லைப் பார்க்காமல் போகாதீர்கள். வெளிநாட்டில் அட்டை தேய்க்கும்போது உங்கள் நாட்டுப் பணத்தில் எடுக்கவா என்று கருவி கேட்டால், வேண்டாம், உள்ளூர்ப் பணத்திலேயே எடுங்கள் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்கு நட்டம்.

இனி நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்ட பணம். பாலுக்கான விலை அறையில் இருந்த மெனுவில் அச்சாகியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். கேட்டீர்கள், வந்தது, மெனுவில் இருந்தது. வெந்நீர், தட்டு, ஐஸ் மூன்றும் மெனுவிலேயே இல்லாதவை என்றால், விலை சொல்லாமல் கொடுத்ததைச் சுட்டிக்காட்டித் திரும்பக் கேட்கலாம். முழுதும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் நல்ல ஓட்டல் ஒரு பகுதியையாவது தள்ளிக்கொடுக்கும். மினி பார் பணம் முழுதும் வர வேண்டியது.

போனில் பேசாதீர்கள், மின்னஞ்சல் அனுப்புங்கள். ஓட்டல் மேலாளருக்கும் கணக்குப் பிரிவுக்கும் சேர்த்து அனுப்புவது நல்லது. தங்கிய தேதி, அறை எண், பில் எண், எந்தக் கட்டணம், எவ்வளவு தொகை, ஏன் ஏற்கவில்லை, இத்தனையும் ஐந்தாறு வரியில் அடங்கிவிடும். "மினி பார் என்று எடுக்கப்பட்ட தொகைக்கான பொருளை நாங்கள் பயன்படுத்தவில்லை. நாங்கள் கையெழுத்திட்ட சீட்டு இருந்தால் நகல் அனுப்புங்கள், இல்லையென்றால் அதே அட்டைக்குத் தொகையைத் திருப்புங்கள். வெந்நீர், தட்டு, ஐஸ் ஆகியவற்றுக்குக் கேட்கும்போது கட்டணம் சொல்லப்படவில்லை, மெனுவிலும் இல்லை" என்று எழுதினால் போதும். சேவை மோசம், அறையில் சத்தம் என்று மற்றக் குறைகளை அதே கடிதத்தில் சேர்க்காதீர்கள். மன்னிப்புக் கடிதம் ஒன்று வரும், பணம் வராது.

ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் அந்த மின்னஞ்சலையும் பில்லையும் இணைத்து, அட்டை கொடுத்த வங்கியில் புகார் செய்யுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு, நாட்டுக்கு நாடு, வங்கிக்கு வங்கி மாறும். அமெரிக்காவில் கடன் அட்டைக்கு 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தவறு இடம்பெற்ற முதல் கணக்கறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் புகார் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். உங்கள் வங்கியின் கெடுவை இன்றே பார்த்துவிடுங்கள். ஓட்டலிலிருந்து பதில் வரட்டும் என்று காத்திருந்தே அதைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர். அறையை விட்டு வந்த பிறகு உங்களுக்குத் தெரிவிக்காமல் அட்டையில் வேறு ஏதாவது எடுத்திருக்கிறார்களா என்றும், கிளம்பிய நாளிலிருந்து ஒரு மாதக் கணக்கையாவது சேர்த்துப் பாருங்கள்.